செவ்வாய்க்கிழமையைப் பார்க்கப் போன ஆறு நாள்

டிக்கெட் போட்டாச்சு என்று சொன்னதும் சிங்கப்பூரில் ஈசூன் பகுதியில் இருக்கும் சித்தப்பா மகன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, சென்டோசா என்னைக்கு வச்சுக்கலாம்?" சுற்றுலாக்காரர்கள் போகும் தீவு அது.

"செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல இருந்து எக்ஸ்போ ஸ்டேஷன் வரைக்கும் போகணும் தம்பி. அதுதான் புரோகிராம்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இது 2024 ஜூலையில். கணவருக்கு சிங்கப்பூரில் எக்ஸ்போ ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை உறுதியாகி, சேர மூன்று மாதம் அவகாசம் இருந்தது. எனக்குத் திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருஷ வேலை. மகள் நான்காம் வகுப்பு. "அங்க போய்ப் பாத்துக்கலாம், எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். மகளுக்கு டிசி வாங்கி, என் வேலையை எழுதிக் கொடுத்து, சாமானை எல்லாம் கட்டிய பிறகு போய்ப் பார்த்து, சரிப்படாவிட்டால் என்ன செய்வது? விமானம், விசா, மூன்று ராத்திரி ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆனது. வேலையை விட்டபின் தெரிந்துகொள்வதைவிட இது மலிவு என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன்.

சுற்றுலாவாகப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போதும். குடியேறப் போகிறவர்களுக்கு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். எத்தனை மணிக்கு எழுந்திருப்போம், எதில் ஏறுவோம், காய் எங்கே வாங்குவோம், சாயங்காலம் எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்று நான் எழுதி வைத்த திட்டம் முழுக்க இதுதான்.

நாள் குறிப்பது

குறைந்தது நான்கு வேலை நாளும் ஒரு ஞாயிறும் வருகிற மாதிரி எடுங்கள். உள்ளூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதம் நான்கு வாரம் விடுமுறை, நவம்பர் பாதிக்கு மேல் ஆண்டு விடுமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம். அந்த நாட்களில் போனால் காலை ரயில் கூட்டம் உண்மையான கூட்டமாக இருக்காது. சீனப் புத்தாண்டு வாரத்தில் பாதிக் கடை மூடியிருக்கும், வீடு காட்டவும் ஆள் வராது.

விசா விஷயத்தில் ஒன்று. இந்தியக் கடவுச்சீட்டுக்கு சிங்கப்பூர் போக விசா வேண்டும், ஆனால் நாமே நேராக விண்ணப்பிக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகப் போக வேண்டும், அல்லது அங்கே இருக்கும் குடிமகனோ நிரந்தரவாசியோ சிங்பாஸ் என்ற தன் அரசு இணையக் கணக்கில் நமக்காகப் போட வேண்டும். அரசுக் கட்டணம் 30 வெள்ளி. அங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். நாங்கள் போனபோது ஒரு வெள்ளி ஏறத்தாழ 63 ரூபாய். இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் போலி என்று மூடிவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது மாமியார் குருமாவுக்கு என்று கால் கிலோ கசகசா வைத்துவிட்டார். சிங்கப்பூருக்குள் கசகசா கொண்டுபோகக் கூடாது, போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும். அதை எடுத்து வெளியே வைத்ததற்கு அவர் முகம் வாடியதுதான் பயணத்தின் முதல் பிரச்சினை. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து மாதிரியானவை எடுத்துப் போகிறவர்கள் அங்கே முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பிளக் நம் ஊர் மாதிரி உருண்டைக் கால் இல்லை, மூன்று செவ்வகக் கால். அடாப்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

எங்கே தங்குவது

இங்கே பலர் தடுக்கி விழுவார்கள். ஒரு வாரத்துக்கு யாருடைய அடுக்குமாடி வீட்டையாவது இணையத்தில் பிடித்துத் தங்கி, "குடியிருந்து பார்க்கலாம்" என்று தோன்றும். சிங்கப்பூரில் அது சட்டவிரோதம். அரசு கட்டிய அடுக்குமாடியான வீவக வீடு, அதாவது எச்டிபி, ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. தனியார் குடியிருப்புக்கு மூன்று மாதம். அதனால் மிச்சம் இருப்பது ஹோட்டல், சர்வீஸ் அபார்ட்மெண்ட், சொந்தக்காரர் வீடு.

லிட்டில் இந்தியாவில் தங்காதீர்கள். தேக்கா சந்தை, சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோவில், இட்லி, மல்லிகைப்பூ என்று எல்லாம் காலடியில் இருக்கும். மூன்றாம் நாள் "நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவீர்கள். அங்கே யாரும் உங்களைக் குடிவைக்கப் போவதில்லை. உங்கள் வீடு ரயிலில் அரை மணி தள்ளி ஏதோ ஒரு பதிமூன்றாவது மாடியில் இருக்கும். நாங்கள் முதல் மூன்று ராத்திரி ஈசூனில் தம்பி வீட்டிலும், அடுத்த மூன்று ராத்திரி எக்ஸ்போ பக்கம் ஒரு ஹோட்டலிலும் இருந்தோம். ஒன்று வீடு மலிவான இடம், இன்னொன்று ஆபீஸ் இருக்கிற இடம். ஒரே ஊரின் இரண்டு முனைகளில் தூங்கி எழுந்து பார்த்தால்தான் வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை

தம்பி சொன்னது, "ஈசூன்ல வாடகை கம்மி மாமா, ரயில் இருக்கு, ஒரு மணி நேரத்துல போயிடலாம்." கூகுள் மேப்ஸும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. கணவர் ஆபீஸ் போகிற மாதிரியே உடுத்திக்கொண்டு லேப்டாப் பையையும் மாட்டிக்கொண்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தேன்.

7.05க்கு வீட்டுக் கதவைச் சாத்தினோம். லிஃப்ட் வர மூன்று நிமிஷம். பேருந்து பிடித்து ஈசூன் ரயில் நிலையம். முதல் ரயிலில் ஏற இடமில்லை, இரண்டாவதில் ஏறினோம். சிவப்புத் தடத்தில் பீஷான் வரை நின்றுகொண்டே. பீஷானில் இறங்கி வட்டப் பாதைக்கு மாறும் நடை வரைபடத்தில் ஒரு புள்ளி, காலில் ஐந்து நிமிஷம். மெக்பர்சனில் மறுபடி மாறி நீலத் தடம். அங்கேதான் உட்கார இடம் கிடைத்தது. ஒன்பது நிறுத்தம் கழித்து எக்ஸ்போ. வெளியே வந்து வெயிலில் நடந்து ஆபீஸ் கட்டடத்தின் கண்ணாடிக் கதவைத் தொட்டபோது மணி 8.27. எண்பத்திரண்டு நிமிஷம். சாயங்காலம் ஆறேகாலுக்கு அதே கதவிலிருந்து திரும்பக் கிளம்பினோம். தம்பி வீட்டு மணியை அடித்தது ஏழு நாற்பத்தைந்துக்கு.

அடுத்த நாள் தெம்பனிஸ் ஈஸ்ட் நிலையம் பக்கத்தில் ஒரு புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், கீழே நின்று அதே நேரத்துக்குக் கிளம்பினோம். இரண்டே நிறுத்தம், நடையோடு சேர்த்து இருபத்திரண்டு நிமிஷம். தெம்பனிஸில் வாடகை கூடத்தான். ஆனால் போக வர ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது. கணவர் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பது அந்த இரண்டு மணியில்தான். அதற்குமேல் ஈசூன் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள். வரைபடம் சொல்வது ரயில் ஓடும் நேரத்தை. லிஃப்டையும், ஏற முடியாமல் விட்ட ரயிலையும், குடை விரிக்கும் மழையையும் அதற்குத் தெரியாது. இன்னொன்று, எம்ஆர்டி என்ற அந்த ஊர் மெட்ரோ ரயிலுக்குள் தண்ணீர் குடித்தால்கூட அபராதம். ஒரு மணி நேரப் பயணம் என்றால் அதுவும் கணக்கில் வரும்.

வீடு பார்ப்பது

முதல் குழப்பம் எண்ணிக்கையில். அங்கே "மூன்றறை வீடு" என்றால் இரண்டு படுக்கையறையும் ஒரு ஹாலும். ஹாலையும் ஒரு அறையாக எண்ணுவார்கள். "நான்கறை" என்றால்தான் மூன்று படுக்கையறை. இது தெரியாமல் நான் திருச்சியிலிருந்தே போட்டுக்கொண்டு வந்த பட்ஜெட் முதல் நாளே கிழிந்தது.

போவதற்கு முன் ஒரு ஏஜெண்டிடம் வாட்ஸ்ஆப்பில் பேசியிருந்தேன். படம் எல்லாம் அழகாக அனுப்பினார். "நிறைய பேர் கேட்கிறார்கள், 500 வெள்ளி முன்பணம் போட்டால் உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன்" என்றார். ஆடிட்டர் ஆபீஸ் புத்தி வேலை செய்தது. பதிவு எண் கேட்டேன். அதற்கப்புறம் அந்த எண்ணிலிருந்து பதிலே இல்லை. அங்கே ஒவ்வொரு வீட்டு முகவருக்கும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண் உண்டு, அரசு தளத்தில் தட்டிப் பார்த்தால் பெயரும் போன் எண்ணும் வரும். வீவக வீட்டு வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது என்பது அங்கே விதி. வீட்டை நேரில் பார்க்காமல், வீட்டுக்காரர் யார் என்று தெரியாமல் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள்.

மூன்று நாளில் ஏழு வீடு பார்த்தோம். அதில் இரண்டு வீட்டுக்குப் போனிலேயே "எந்த நாட்டுக்காரர்" என்று கேட்டு, பதில் கேட்டதும் "வாடகைக்குப் போய்விட்டது" என்றார்கள். வலிக்கத்தான் செய்யும், முன்கூட்டித் தெரிந்திருந்தால் கொஞ்சம் குறைவாக வலிக்கும். தவிர, மலேசியர் அல்லாத வெளிநாட்டினருக்கு முழு வீடு வாடகைக்கு விடுவதில் வீவக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வட்டாரத்தில் 8 சதவீதம், ஒரு புளோக்கில் 11 சதவீதம். அது நிரம்பியிருந்தால் வீட்டுக்காரர் ஆசைப்பட்டாலும் தர முடியாது. அதனால் பிடித்த வீட்டில் சோபாவின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் "இந்த புளோக்கில் கோட்டா இருக்கிறதா" என்று கேளுங்கள்.

ஐந்தாவது வீடு. சீனப் பாட்டி ஒருவர் கதவைத் திறந்தார், அறுபத்தைந்து வயதிருக்கும். அடுப்பங்கரையை நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, எண்ணெய்ச் சட்டியில் எதையோ போடுவது மாதிரி கையைக் காட்டி, வாயால் "ஷ்ஷ்ஷ்" என்று சத்தம் எழுப்பி, ஆங்கிலத்தில் "தினமும் இதுவா?" என்று கேட்டார். தாளிப்பதைத்தான் கேட்கிறார். "தினமும்தான். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஜன்னலைத் திறந்து காட்டினார். அது நடைபாதைப் பக்கம் இல்லாமல் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல், அடுத்த வீட்டுக்குப் புகை போகாது. விளம்பரத்தில் "லேசான சமையல் மட்டும்" என்று போட்டிருந்தால் அதை நம் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள். நேரில் கேட்டு, முடிந்தால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பகலில் ஒருமுறை, ராத்திரி எட்டு மணிக்கு ஒருமுறை என்று இரண்டு வேளை போய்ப் பாருங்கள். மேற்குப் பார்த்த ஹால் என்றால் சாயங்காலம் சுவரே சுடும், ஏசி பில்லில் தெரியும். துணி உலர்த்தும் கழி ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிற மாதிரியா, உள்ளேயா என்று பாருங்கள். புளோக்கின் கீழே டெங்கு எச்சரிக்கைப் பதாகை தொங்குகிறதா என்பதும் முக்கியம். மஞ்சள் என்றால் பத்துக்குக் குறைவான நோயாளிகள், சிவப்பு என்றால் பத்தோ அதற்கு மேலோ.

பாட்டி சொன்ன வாடகை 3,300 வெள்ளி. நம் பணத்தில் மாதம் இரண்டு லட்சத்துக்கு மேல், இதைக் கேட்டு மாமியார் போனிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்கு வழக்கமாக இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, அதோடு மொத்த வாடகையில் 0.4 சதவீதம் முத்திரைத் தீர்வை. எங்களுக்கு அது 316 வெள்ளி. சம்பளம் வருவதற்கு முன்பே கிட்டத்தட்ட ஆறரை லட்சம் ரூபாய் கையில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒப்பந்தத்தில் "டிப்ளமாட்டிக் கிளாஸ்" இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போய் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டி வந்தால், பொதுவாக ஒரு வருஷம் கழிந்ததும் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேற அது வழிவிடும். ஏசி சர்வீஸ் செலவு யார் தலையில் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் நம் தலையில்தான்.

மளிகைச் சீட்டு

வாழ்க்கைச் செலவைப் பற்றி இணையத்தில் வரும் பட்டியல் எதையும் நான் நம்புவதில்லை. அவர்கள் வாங்குகிற ரொட்டியும் சீஸும் நம் வீட்டில் இல்லை. திருச்சியில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் கொடுக்கும் மாதச் சீட்டை அப்படியே எடுத்துப் போனேன். இட்லி அரிசி, துவரம் பருப்பு, நல்லெண்ணெய், புளி, வரமிளகாய், தயிர், முருங்கைக்காய் என்று முப்பத்தோரு சாமான். தேக்காவில் ஒரு விலை, தெம்பனிஸ் ஃபேர்பிரைஸ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு விலை, புளோக்கின் கீழே இருந்த சின்னக் கடையில் ஒரு விலை என்று மூன்று பத்தி போட்டு நிரப்பினேன். அரிசி, பருப்பு நான் பயந்த அளவு இல்லை. காயும் தயிரும்தான் கடித்தன. மாதம் ஒருமுறை தேக்கா, மற்றபடி பக்கத்துக் கடை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் உணவங்காடி நிலையத்தில் இரண்டு வேளை சாப்பிட்டுப் பாருங்கள். வேலை நாளில் வெளியே சாப்பிட எவ்வளவு ஆகும் என்பதற்கு அதுதான் அளவு. பெரிய உணவகத்தின் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் 9 சதவீத வரியும் தனியாக ஏறும்.

என் வேலை

இதற்குத்தான் நான் ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும், அரை நாள்தான் ஒதுக்கினேன். கணவருக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதி கிடைத்து, நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருந்தால்தான் மனைவி பிள்ளைகள் கூடவே தங்கச் சார்ந்திருப்போர் அட்டை கிடைக்கும். அந்த அட்டையை வைத்துக்கொண்டு முன்பெல்லாம் ஒரு அனுமதிக் கடிதத்தோடு வேலைக்குப் போகலாம். 2021 மே முதல் அது நின்றுவிட்டது. எனக்கு வேலை வேண்டும் என்றால் எனக்கே தனியாக ஒரு வேலை அனுமதி வேண்டும். எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, வயது கூடக்கூட அதுவும் ஏறும், அதோடு புள்ளிக் கணக்கும் உண்டு.

தெரிந்தவர் ஒருவர் மூலம் அங்கே கணக்குத் துறையில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருவரைக் காபி குடிக்கப் பார்த்தேன். "ஆறு மாசம் உங்களுக்கு வேலை இருக்காதுன்னு வச்சுக்கிட்டே பட்ஜெட் போடுங்க. அதுக்கு முன்னாடி கிடைச்சா லாபம்" என்றார். ஏஜெண்டுகள், சொந்தக்காரர்கள், இணையம் எல்லாம் சேர்ந்து சொல்லாததை அவர் ஒரு கோப்பை தே தாரிக் டீயில் சொன்னார். அன்று ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து ஒரே சம்பளத்தில் கணக்கை மறுபடி போட்டோம். நிற்கிறது, ஆனால் இழுத்துப் பிடித்துத்தான் நிற்கிறது. பயணச் செலவு அந்த ஒரு மணி நேரத்திலேயே வசூலாகிவிட்டது.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாக. அரசுப் பள்ளியில் இடையில் சேர வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனித் தேர்வு உண்டு, பாஸ் ஆனாலும் இடம் இருந்தால்தான். நாங்கள் சிபிஎஸ்இ பாடம் நடத்தும் பன்னாட்டுப் பள்ளி ஒன்றைப் பார்த்தோம். பள்ளிகளுக்கு ஊரிலிருந்தே மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்கிக்கொண்டு போங்கள், வாசலில் போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். மகளை நாங்கள் கூட்டிப் போகவில்லை. அவள் வந்திருந்தால் ஆறு நாளும் சென்டோசாவில்தான் முடிந்திருக்கும்.

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது தனிக் கலை. அவர்கள் வீட்டில் தங்கிக்கொண்டு அவர்கள் கூப்பிடும் இடத்துக்கு வரமாட்டேன் என்றால் மனஸ்தாபம். நான் முதல் நாளே ஞாயிற்றுக்கிழமையை முழுசாகத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அன்று அவன் எங்கே கூட்டிப் போனாலும் சரி, மற்ற நாள் எங்கள் நாள். சென்டோசா போனோம், நன்றாகத்தான் இருந்தது.

பார்க்காமல் விட்டது

ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும் முன் இருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல், அன்றைக்குப் பிடித்தது, பிடிக்காதது, புரியாதது என்று நோட்டில் எழுதினோம். திருச்சிக்கு வந்த பிறகுதான் பரிமாறிப் படித்தோம். கணவர் "புரியாதது" பக்கத்தில் நான்கு நாள் தொடர்ந்து என் வேலையைப் பற்றி எழுதியிருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்.

அக்டோபரில் குடிபோனோம், அந்தப் பாட்டியின் வீட்டுக்குத்தான். ஏழு வீடு, இரண்டு வேளை, ஜன்னல், கோட்டா, டெங்கு என்று எல்லாம் பார்த்த நான் ஒன்றைக் கோட்டைவிட்டேன். புளோக்கின் கீழ்த்தளம் திறந்த கூடமாக இருக்கும். கல்யாணமும் அங்கேதான், சாவும் அங்கேதான். எங்கள் வீடு நாலாவது மாடி, அந்தக் கூடத்துக்கு நேர் மேலே. வந்த மூன்றாவது வாரம் கீழே சீனர் ஒருவரின் துக்க வீட்டுப் பந்தல் போட்டார்கள். ஐந்து நாள், ராத்திரி வரை மணியும் மந்திரமும். நீங்கள் வீடு பார்க்கும்போது கூடம் எந்தப் பக்கம் இருக்கிறது, மேலே எத்தனை மாடி தள்ளி நம் வீடு என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்த மாடியிலேயே குடியிருக்கும் யாரையாவது நிறுத்தி ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் மகளின் கட்டிலைப் பின் அறைக்கு மாற்றிக்கொண்டோம்.